ஐந்து மணிக்கு எழுவாள்

பெரியம்மா தன் ஆயுளில் நாற்பது பெண்களுக்கு வரன் குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதில் முப்பத்தொரு பேருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மீதி ஒன்பது பேர் தப்பித்தார்கள் என்று குடும்பத்தில் அவள் காதில் விழாமல் சொல்வதுண்டு. ஒரு பெண்ணைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னால் பெரியம்மாவின் பேனா அள்ளி விடும். அதைப் பொய் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. "இப்படி எழுதினாத்தான் வாசல் வரைக்குமாவது வருவாங்க. வந்தப்புறம் உள்ளதைப் பாத்துக்கட்டும்" என்பாள்.

அப்படிப்பட்ட பெரியம்மாவின் கையில்தான் வாண்டுவின் மாணவர் பரிமாற்றப் படிவம் போய்ச் சிக்கியது.

வாண்டு என்றதும் பள்ளிக்கூடப் பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கடைக்குட்டி என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர், உரித்தாலும் வராது. வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு பத்து மாதம் தங்கிப் படிக்கும் வாய்ப்பு வந்தபோது அவளுக்குப் பரீட்சை. ஆறு பக்கப் படிவத்தை அம்மாவிடம் தள்ளி, "நீயே நிரப்பி அனுப்பிடும்மா" என்றாள். அம்மா அதை அப்படியே பெரியம்மாவிடம் தள்ளினாள். முதல் பக்கத்தில் 'பெண் தங்கப்போகும் குடும்பம்' என்றிருந்ததைப் பார்த்ததும் பெரியம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். "போற இடத்துல பிடிச்சுப் போகணும்ல?" என்றாள்.

தூக்கம் என்ற கட்டத்தில், 'காலை ஐந்து மணிக்குத் தானாகவே எழுவாள்' என்று எழுதினாள். சமையலுக்கு, 'பதினாறு பேருக்கு ஒண்டியாகச் சமைப்பாள்'. விலங்குகளுக்கு, 'நாய் என்றால் உயிர்'. பாட்டுக்கு, 'ஏழு வருடம் முறையாகக் கற்றவள்'. குணத்துக்கு, 'பரம சாது, பெரியவர்களை எதிர்த்துப் பேசத் தெரியாது'.

வாண்டு ஐந்து மணியைப் பார்த்திருக்கிறாள், சாயங்காலத்தில். அவள் வெந்நீர் போட்டால் பாத்திரம் தீயும். தெருவில் நாய் படுத்திருந்தால் அடுத்த தெரு வழியாகப் போவாள். பாட்டு வகுப்புக்குப் போனது மொத்தம் ஏழு நாள். எட்டாவது நாள் பாட்டு டீச்சரே வீடு தேடி வந்து, "இந்தப் பிள்ளைக்கு நீச்சல் மாதிரி ஏதாவது கத்துக்குடுங்களேன்" என்று கெஞ்சிவிட்டுப் போனார். பரம சாது என்ற விஷயத்தை அவள் அப்பாவிடம் கேட்டால், மனிதர் பதில் சொல்லாமல் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விடுவார்.

படிவத்தின் நகலை அவள் விமானத்தில்தான் படித்தாள். மூன்றாம் பக்கம் வந்ததும் சீட் பெல்ட்டை இன்னொரு பிடி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு விதி வேறு: 'ஆறாவது வாரம் பொறுப்பாளர் நேரில் வந்து பார்ப்பார். படிவத்தில் உள்ளது பொய் என்று தெரிந்தால் மாணவி திருப்பி அனுப்பப்படுவார்.' ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். மேகம்தான் இருந்தது. இறங்க வழியில்லை.

விமான நிலையத்தில் அவளை அழைத்துப்போக ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. 'அம்மா, அப்பா என்றே கூப்பிடலாம்' என்று திட்டத்தின் கையேடு சொன்னது. வாண்டுவுக்கு ஏற்கெனவே இருக்கிற அம்மாவே போதும் போதும் என்றிருந்ததால், அத்தை, மாமா என்று ஆரம்பித்தாள். ஃபோனில் இதைக் கேட்ட பெரியம்மா, "பாத்தியா, குறிப்பு வேலை செய்யுது" என்று பூரித்துப்போனாள்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள அடுக்குமாடிகளில் பாதி அவரை நம்பித்தான் மேலே போய்க் கீழே வருகிறது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கும், வாயில் எப்போதும் ஒன்றும் இருக்காது. ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். அத்தை டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்து மிதித்துப் பழகியவள். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், பிடிக்காத பேச்சு வந்தால் அவளுடைய வலது கால் தரையை அழுத்தும். எதிரில் இருப்பவர் அதைப் பார்த்துப் பேச்சை நிறுத்திக்கொள்வது நல்லது.

வாண்டுவுக்காக ஒதுக்கிய அறையில், கட்டில் மேல் மூன்று பரிசுகள் வைத்திருந்தார்கள். ஐந்து மணிக்கு முள் வைத்த அலாரம் கடிகாரம் ஒன்று. ஓட்டல் சமையல்காரர் கட்டிக்கொள்கிற அளவில் ஒரு ஏப்ரன். ஒரு நாய்ச் சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் நாயும் இருந்தது.

கன்றுக்குட்டி உயரம். யாரையும் மதிக்காத முகம். கூடத்தில் தனக்கென்று ஒரு சாய்வு நாற்காலி வைத்திருந்தது, அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. வாண்டு அதற்குத் துரை என்று பெயர் வைத்தாள். நாலு நாளில் வீட்டில் எல்லாருமே அப்படித்தான் கூப்பிட்டார்கள், ஏற்கெனவே இருந்த பெயரை அவர்கள் அவ்வளவு லேசாக மறந்துபோனது விசித்திரமாக இருந்தது.

"நாய்னா உனக்கு உயிராமே" என்றார் மாமா, சங்கிலியை ஒரு முழம் தள்ளி நின்று நீட்டியபடி.

"ஆமா மாமா, உயிர்" என்றாள் வாண்டு. உயிர் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் ஐந்து மணிக்கு அலாரம் அலறியது. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி சமையலறைக்கு வந்தால், அத்தையும் மாமாவும் குளித்து உடை மாற்றித் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கண்ணும் பழுத்த தக்காளி.

"நாங்களும் இந்த நேரம்தான் எழுந்திரிப்போம்" என்றாள் அத்தை. "காலைக் காத்து எவ்ளோ நல்லா இருக்கு!"

"ஆமா அத்தை, இதுக்காகவே எழுந்திரிக்கலாம்" என்றாள் வாண்டு.

மாமா ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதாக நினைத்துக்கொண்டு தன் புறங்கையில் தடவிக்கொண்டிருந்தார். அவர்களுடைய படிவமும் வாண்டுவிடம் இருந்தது. 'சூரியனோடு எழும் குடும்பம். தினமும் ஒரே மேஜையில் சேர்ந்து சாப்பாடு. எந்த நாட்டுச் சமையலையும் விரும்பிச் சாப்பிடுவோம். பேச்சும் சிரிப்பும் நிறைந்த வீடு.' எல்லாம் உண்மை போலத்தான் தெரிந்தது. பொய்க்காரி தான் ஒருத்தி மட்டுமே என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதற்கப்புறம் ஐந்து வாரம் நடந்ததை நாடகம் என்றால் நாடகக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். தினமும் காலையில் துரை அவளை இழுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகும், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் ஓடுவாள். சனிக்கிழமை என்றால் சமையல். சர்க்கரை டப்பாவில் ஃபோனைச் சாய்த்து வைத்து, மறுமுனையில் அம்மா.

"தண்ணிய ஊத்து."

"எவ்ளோம்மா?"

"கண்ணளவுதான்டி."

"யாரோட கண்ணு? உன் கண்ணு அங்க இருக்கு!"

கடைசியில் சோறு என்று ஒன்றும், காய் என்று ஒன்றும் மேஜைக்கு வந்தன. எது எது என்பதை வாண்டு விரலால் காட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. இருவரும் மிச்சமில்லாமல் சாப்பிட்டார்கள். மாமா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார், அப்போது அவர் கழுத்து நரம்பு புடைத்தது. அரை மணி நேரம் கழித்துக் குப்பை கொட்டப் போனவள், கார் ஷெட்டில் கண்ணாடியெல்லாம் ஏற்றிய காருக்குள் உட்கார்ந்து மாமா ரொட்டி தின்பதைப் பார்த்தாள்.

"ஹார்ன் சரியா இருக்கான்னு பாக்குறேன்" என்றார், வாய் நிறைய ரொட்டியோடு.

பாவம், நல்ல பசிக்காரர் என்று நினைத்துக்கொண்டாள் வாண்டு. அடுத்த சனிக்கிழமை ஒரு படி கூடுதலாக வடித்தாள்.

சாப்பாட்டு மேஜையில் ஒரு வேடிக்கை நடந்தது. முதல் மூன்று வாரம் அத்தையும் மாமாவும் ஒருவரோடொருவர் பேசவே இல்லை. சண்டை ஒன்றும் கிடையாது, பழக்கம் விட்டுப்போனவர்களைப் போல இருந்தார்கள். "உங்க மாமாவுக்கு உப்பு வேணுமான்னு கேளு." "போதும்னு சொல்லும்மா." நடுவில் உட்கார்ந்திருந்த வாண்டு தபால்காரி வேலை பார்த்தாள். நாலாவது வாரம் ஒருநாள், ஊர் நடுவே இருக்கும் சிக்னலில் பச்சை விளக்கு எத்தனை நொடி எரிகிறது என்று பேச்சு வந்தது. தபாலுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் இருவரும் நேருக்கு நேர் வாதாட ஆரம்பித்து, இருபது நிமிடம் ஓயவில்லை. முடிந்ததும் இருவரும் திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர்களைப் போல முழித்தார்கள். அன்று அத்தை பாத்திரம் கழுவும்போது பாடினாள்.

சாயங்காலங்களில் அத்தை அவளைப் பயிற்சிக் காரில் ஒரு காலி மைதானத்துக்குக் கூட்டிப்போய் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். மூன்றாம் நாள் வாண்டு ஒரு குப்பைத் தொட்டியை நோக்கி நேராகப் போனாள். அத்தை தன் காலடி பிரேக்கைத் தொடவில்லை. தொட்டி உருண்டது.

"ஏன் அத்தை பிரேக் போடல?"

"காலித் தொட்டிதானே? ஒருதடவை இடிச்சாத்தான் உனக்கு அளவு தெரியும்" என்றாள் அத்தை, சாவகாசமாக.

வாண்டுவின் வீட்டில் அவள் கத்தரிக்கோலை எடுத்தால்கூட நாலு பேர் பிரேக் போடுவார்கள். அன்று ராத்திரி படுக்கும்போது அவளுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இந்த வீட்டை விட்டுப் போக அவளுக்கு மனசில்லை. ஐந்து மணி, நாய், ஏப்ரன் எல்லாவற்றோடும் சேர்த்து இங்கேயே இருக்க வேண்டும். பொறுப்பாளர் வர இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை மாமாவுக்கு ஒரு எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பரிசோதனை. "வரியா?" என்றார். நாய் இல்லாமல் அவளுக்கு ஒரு நிமிடம்கூட இருக்க முடியாது என்பது அவருடைய நம்பிக்கை, அதனால் துரையும் வந்தது. லிஃப்டுக்குள் ஏறும்போது வாண்டு சங்கிலியின் கடைசி நுனியை இரண்டு விரலால் பிடித்திருந்தாள். கதவு மூடுகிற சத்தத்தில் துரை ஒருதரம் உடம்பைச் சிலிர்த்தது. இரண்டு விரலும் விட்டுவிட்டன. சங்கிலி நுனி கதவிடுக்கு வழியாக வெளியே போய் விழுந்தது, மீதியைக் கவ்விக்கொண்டு கதவு மூடியது.

லிஃப்ட் மேலே கிளம்பி மூன்றாவது மாடியைத் தாண்டியதும், வெளியே தொங்கிய நுனி எதிலோ சிக்கிச் சங்கிலி விறைத்தது, கதவு மயிரிழை விலகியது. கதவு விலகினால் லிஃப்ட் நின்றுவிட வேண்டும் என்பது விதி. இந்த லிஃப்டை மாமாதான் பராமரிக்கிறார், ஆகவே விதிப்படி சட்டென்று நின்றது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் மூன்று பேரும் மாட்டிக்கொண்டார்கள். துரையின் கழுத்து கதவோடு ஒட்டிக்கொண்டது. ஊளையிட ஆரம்பித்தது.

"கழுத்துப் பட்டைய அவுத்து விடணும்" என்றார் மாமா. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தால், லிஃப்டின் எதிர்மூலையில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க அவுத்து விடுங்க மாமா. உங்க வீட்டு நாய்தானே."

"நீ அவுத்து விடும்மா. உனக்குத்தான் உயிராச்சே."

வாண்டு ஓரடி எடுத்து வைத்தாள். துரை பல்லைக் காட்டியது. அடுத்த நொடி அவளும் அதே மூலையில் மாமாவின் தோளுக்குப் பின்னால் இருந்தாள். அவர் இன்னும் பின்னால் போகப் பார்த்து அவளைச் சுவரோடு நசுக்கினார்.

"மாமா, உங்களுக்கு நாய்னா பயமா?"

"சின்ன வயசுல கடிச்சுது. ரெண்டு தடவ." கொஞ்சம் நிறுத்தி, "ஒரே நாய்" என்றார்.

"அப்புறம் எதுக்கு நாய் வளக்குறீங்க?"

"இது எங்க நாயே இல்லம்மா. உங்க அத்தையோட அக்கா வீட்டு நாய். உனக்கு உயிர்னு படிவத்துல பாத்துட்டு, பத்து மாசத்துக்குக் கேட்டு வாங்கிட்டு வந்தோம்."

வாண்டு வாயைப் பிளந்தாள். "எனக்கு நாயைக் கண்டா ஆகவே ஆகாது மாமா! அதை எழுதினது எங்க பெரியம்மா!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே கேள்விதான். மாமா முந்திக்கொண்டார். "அந்த அஞ்சு மணி?"

"பொய்!" என்றாள் வாண்டு. "உங்களோடது?"

"நீ எழுந்திரிக்கிறியேன்னு நாங்க எழுந்திரிச்சோம்" என்றார் மாமா. அவர் கண் கலங்கியிருந்தது, பயத்திலா, ஐந்து வாரத் தூக்கம் வீணானதை நினைத்தா என்று தெரியவில்லை.

துரையின் ஊளை இப்போது முனகலாகிவிட்டது. அதைக் கேட்கச் சகிக்கவில்லை. இருவரும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கை கோத்துக்கொண்டு போனார்கள். மாமா ஸ்க்ரூடிரைவரால் பட்டையின் கொக்கியை நெம்ப, வாண்டு பட்டையை இழுத்தாள். விடுபட்ட துரை இரண்டு பேரையும் கடிக்கவில்லை. மாமாவின் செருப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு, நடுங்கியபடி அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டது. மாமா மூச்சே விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஒரு விரலால் மட்டும் அதன் தலையைத் தொட்டார்.

அவர் ஃபோன் செய்ய, ஒரு மாணவனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த அத்தை, அவனையே ஓட்டச் சொல்லி வந்து சேர்ந்தாள். மொட்டை மாடியில் இருக்கும் இயந்திர அறைக்கு எட்டு மாடியும் படியேறிப் போனாள்.

"வெளியாள் தொடக்கூடாது, விதிப்படி தப்புதான்" என்று முனகியபடி மாமா ஃபோனில் சொன்னார். "முதல்ல மெயின் சுவிட்ச அணைச்சுடு. இப்ப அந்தச் செவப்புக் கைப்பிடிய அமுக்கிப் பிரேக்கை விடு. விட்டுட்டுச் சக்கரத்த மெதுவா சுத்து."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல பிரேக்கை விடுன்னு இப்பதான் சொல்றீங்க" என்றாள் அத்தை. லிஃப்ட் அங்குலம் அங்குலமாக மூன்றாவது மாடிக்கு இறங்கியது.

மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்த அத்தையிடம், மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்தபடி இருவரும் போட்டி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினார்கள். அத்தையின் வலது கால் தரையை அழுத்தியது. பிறகு மெதுவாகத் தளர்ந்தது.

"அப்ப அந்தச் சோறு?" என்றாள்.

"எனக்குச் சமைக்கத் தெரியாது அத்தை."

"அப்பாடா" என்றாள் அத்தை. "இதுதான் உங்க நாட்டுல வழக்கம்போலன்னு நெனச்சுட்டேன்."

அன்று சாயங்காலம் அந்த வீட்டுக்கு விடுதலை கிடைத்தது. ஏப்ரன் பரணுக்குப் போனது. இத்தனை நாள் மாமா அட்டைப்பெட்டியில் ஒளித்து வைத்திருந்த லிஃப்ட் சாமான்களெல்லாம் பழையபடி சாப்பாட்டு மேஜையில் ஏறின. அலாரத்தின் பேட்டரியை மாமா கழற்றி எடுத்தார். மறுநாள் ஞாயிறு, பத்து மணிக்கு முன்னால் யாரும் யாரையும் எழுப்பக்கூடாது என்று சத்தியம் செய்துகொண்டு படுத்தார்கள். பொறுப்பாளர் புதன்கிழமைதான் வருகிறார். அதற்குள் என்ன சொல்வது என்று பேசி வைத்துக்கொள்ளலாம்.

பொறுப்பாளர் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே வந்துவிட்டார்.

"இன்னிக்கு நாலு வீடு பாக்கணும். நீங்கதான் அஞ்சு மணிக்கே எழுந்துடற குடும்பமாச்சே, முதல்ல இங்க வந்துடலாம்னு வந்தேன்" என்றார், கால் மணி நேரம் மணியடித்த களைப்போடு. நரைத்த கொண்டை, கையில் தடிமனான கோப்பு, கழுத்தில் கயிற்றில் தொங்கும் பேனா. எதிரில் தலைவிரி கோலமாக வாண்டு, போர்வை போர்த்திய மாமா, சட்டையை உள்வெளி மாற்றிப் போட்டிருந்த அத்தை. மேஜையில் ஒரு மோட்டாரும் நாலு கப்பியும் காலை ஆகாரம் போலப் பரப்பியிருந்தன. உட்கார இடம் தேடியவர் சாய்வு நாற்காலியைப் பார்த்தார். துரை உறுமியது. முக்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு மட்டும் கொஞ்சம் அசந்துட்டோம்" என்றாள் அத்தை. "டீ கொண்டாம்மா."

வாண்டு தட்டில் டீயோடு வந்தபோதுதான், தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. கூடத்தில் கோப்போடு ஒரு விருந்தாளி, பக்கத்தில் பதற்றத்தோடு பெரியவர்கள், கையில் தட்டோடு பெண். பெரியம்மா எழுதிய குறிப்பு கடைசியில் அவளைப் பெண் பார்க்கும் படலத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

"ஏழு வருஷம் பாட்டு கத்துக்கிட்டேன்னு போட்டிருக்கே. ரெண்டு வரி பாடும்மா."

"அவளுக்குத் தொண்டை சரியில்ல" என்றார் மாமா. "காய்ச்சல்" என்றாள் அத்தை, அதே நேரத்தில்.

வாண்டு பாடினாள். துரை நாற்காலியை விட்டு இறங்கி, கதவைத் தள்ளிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டது.

பொறுப்பாளர் டீயை ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். கோப்பையைத் தரையில், தனக்கு எட்டாத தூரத்தில் வைத்தார். "பதினாறு பேருக்குச் சமைப்பாளா?"

"இருபது பேருக்குக்கூட..." என்று அத்தை ஆரம்பித்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. வாழ்நாளெல்லாம் சிவப்பு விளக்கில் நின்ற மனுஷி தனக்காகப் பொய் சொல்வதை வாண்டுவால் பார்க்க முடியவில்லை.

"விடுங்க அத்தை. எல்லாம் பொய், மேடம். எங்க பெரியம்மா எழுதினது. எனக்கு எதுவுமே தெரியாது."

"எங்களோடதும் பொய்தாங்க" என்றார் மாமா, அன்றைய இருபதில் இரண்டைச் செலவழித்து.

பொறுப்பாளர் கோப்பை மூடினார். "அப்ப விதி உங்களுக்கே தெரியும். நாளைக்கு டிக்கெட் பாத்துச் சொல்றேன். பெட்டிய எடுத்து வச்சுக்கோம்மா."

வாண்டுவுக்குக் காது அடைத்தது. அதற்கப்புறம் வாய் திறந்தது. பரம சாது என்ற கடைசிப் பொய்யும் அப்போது பொடிப்பொடியானது.

"எந்த ஊரு நியாயம் மேடம் இது? நான் அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கிறேன்னு இவங்க அஞ்சு வாரம் தூங்கல. பயத்தோட நாய் வளத்தாங்க. என் சோத்தத் தின்னுட்டு உயிரோட இருக்காங்க. உண்மைய எழுதின குடும்பத்துல ஒருத்தர் இவ்ளோ செய்வாங்களா? பொய் எழுதினது தப்புதான். அந்தப் பொய்ய நெஜமாக்க இவங்க பட்ட பாடு எந்தக் கட்டத்துல வரும்? அதுக்கு உங்க படிவத்துல இடமே இல்லையே!"

"உண்மைய எழுதிப் பாத்தோமே" என்றாள் அத்தை மெதுவாக. "மூணு வருஷம் எழுதினோம். 'அமைதியான வீடு, ரெண்டு பேர், அதிகம் பேச மாட்டோம்'னு. மூணு வருஷமும் ஒரு பிள்ளைகூட எங்கள எடுக்கல. உங்க கையெழுத்துலதான் கடிதாசி வந்துச்சு."

பொறுப்பாளர் மூடிய கோப்பை மறுபடி திறந்தார்.

"எதுக்கு அவ்ளோ பிடிவாதமா கேட்டீங்க?" என்றார்.

அத்தை மாமாவைப் பார்த்தாள். "மூணாவதா ஒரு ஆள் இருந்தா நாங்க பேசிப்போம்னுதான். பேசினோம். சிக்னலப் பத்தி."

"முப்பத்தஞ்சு நொடி" என்றார் மாமா.

"நாப்பது" என்றாள் அத்தை.

பொறுப்பாளர் கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பையிலிருந்து இரண்டு வெற்றுப் படிவங்களை எடுத்தார். "தன்னப் பத்தியும் தன் வீட்டாளுங்களப் பத்தியும் தானே எழுதினாத்தான் இந்த வம்பு. இவங்களப் பத்தி நீ எழுது. இவளப் பத்தி நீங்க எழுதுங்க. அரை மணி நேரம். ஒரு வரி பொய் இருந்தாலும் டிக்கெட்தான்."

வாண்டு தரையில் குப்புறப் படுத்து எழுதினாள். 'இந்த வீட்டில் காலை என்பது பத்து மணிக்குத் தொடங்கும். மேஜையில் லிஃப்ட் இருக்கும், தட்டை மடியில் வைத்துக்கொள்ளவும். மாமா பேச மாட்டார், ஆனால் உங்களுக்காகப் புலியைக்கூட வாடகைக்குக் கொண்டு வருவார். அத்தை உங்களை இடிக்க விடுவாள். என்னை யாரும் இதுவரை இடிக்க விட்டதில்லை.'

அத்தையும் மாமாவும் ஒவ்வொரு கட்டத்துக்கும் சண்டை போட்டுக்கொண்டு நிரப்பினார்கள். பொறுப்பாளர் வாங்கிச் சத்தமாகப் படித்தார். "'எழுந்திரிக்க மாட்டாள். சமையலறைக்குள் விடக்கூடாது. பாடச் சொல்லக்கூடாது. எதிர்த்துப் பேசுவாள், அதுவும் நம் பக்கம் நின்று பேசுவாள்.'"

கடைசிக் கேள்வியை மட்டும் அவர் சத்தமாகப் படிக்கவில்லை. படிவத்தை வாண்டுவிடம் நீட்டினார். 'இந்த மாணவியை மீதி எட்டரை மாதமும் வைத்துக்கொள்ள விருப்பமா?' என்று கேட்டிருந்தது. அதன் கீழே மாமாவின் கோணல் எழுத்தில் ஒரே வரி.

'மறுபடியும் ஐந்து மணிக்கு எழ வேண்டுமென்றாலும் சரி.'

வாண்டுவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மறைக்கவில்லை. அத்தை தன் சட்டை நுனியால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டு, அதே நுனியால் தன் மூக்கையும் துடைத்துக்கொண்டாள். மாமா ஒரு கப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஒரு கோளாறும் இல்லை.

பொறுப்பாளர் கழுத்திலிருந்த பேனாவால் இரண்டு படிவத்திலும் கையெழுத்துப் போட்டார். "அடுத்த தடவை பதினொண்ணுக்கு மேல வரேன்" என்றார். வாசலில் நின்று, "டீ மட்டும் நீங்களே போட்டுடுங்க" என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மணி ஏழரையாகியிருந்தது. துரையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு நாலு பேரும் மறுபடி போய்ப் படுத்தார்கள். துரை மாமாவின் கால்மாட்டில் படுத்தது, அவரும் ஒன்றும் சொல்லவில்லை.